மூன்று கேள்விக்கும் அம்மாவின் கையெழுத்து
அமெரிக்காவின் கிறிஸ்தவ வீட்டுக்கல்வி அணிகளில் யார் ஆடலாம்?

அமெரிக்காவில் வீட்டிலேயே படித்து முடித்த ஒரு பிள்ளை பல்கலைக்கழக அணியில் சேர வேண்டுமானால், என்.சி.ஏ.ஏ. எனப்படும் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தகுதி மையத்துக்கு ஒரு கட்டுத் தாள் அனுப்ப வேண்டும். பாடத்துக்கு ஒரு தாள். அல்ஜீப்ராவுக்கு எந்தப் புத்தகம் வைத்தீர்கள், எழுதியவர் யார், வெளியிட்டவர் யார், தேர்வு வைத்தீர்களா கட்டுரை எழுதச் சொன்னீர்களா என்று அது துருவித் துருவிக் கேட்கும். பிறகு வரும் மூன்று கேள்விகள் முக்கியமானவை. பாடம் நடத்தியவர் யார்? திருத்தியவர் யார்? மதிப்பெண் வழங்கியவர் யார்? பெரும்பாலான வீடுகளில் மூன்றுக்கும் ஒரே பதில்தான்: அம்மா. மாநிலச் சட்டப்படியே இந்தக் கல்வி நடந்தது என்று அடியில் கையெழுத்திட்டு உறுதி சொல்பவரும் அநேகமாக அவரே.

நம் ஊரில் மாவட்டப் போட்டிக்குப் போகும் பையனிடம் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட போனஃபைடு சான்றிதழ் இருக்கும். அதில் இருக்கும் வட்ட முத்திரையை யாரும் கேள்வி கேட்பதில்லை (சில சமயம் கேட்டிருக்க வேண்டும் என்பது வேறு கதை). வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு அந்த முத்திரை கிடையாது. தகுதி என்ற சொல் அங்கே தடுமாறத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

கல்லூரிக்கு முந்தைய கட்டத்தில், பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தாங்களே அணிகள் அமைத்திருக்கின்றன. ஹூஸ்டன், டல்லஸ், சான் அன்டோனியோ, ஓக்லஹோமா சிட்டி, துல்சா போன்ற நகரங்களில் இவை வலுவானவை. கூடைப்பந்துதான் பிரதானம், ஒரு கூடமும் பத்துப் பேரும் போதும் என்பதால். அமெரிக்கக் கால்பந்து, வாலிபால், பேஸ்பால் அணிகளும் உண்டு. கிறிஸ்தவ வீட்டுக்கல்வி அணிகளுக்கென்றே தேசியக் கூடைப்பந்துப் போட்டி ஒன்றும் நடக்கிறது. முன்பு ஓக்லஹோமா சிட்டியில் நடந்தது, பிறகு மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாறியது. இந்த அணிகளில் யார் ஆடலாம் என்பதற்கான விதிகளைப் பார்த்தால் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியும். இந்தப் பிள்ளை வீட்டுக்கல்விப் பிள்ளைதானா? கிறிஸ்தவக் குடும்பமா? வயது சரியா?

நடுக் கேள்விதான் சிக்கலானது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். விதிகளைப் படிக்கப் படிக்க, ஆளைத் திணறடிப்பது முதல் கேள்விதான் என்று புரிந்தது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. பிள்ளையை எங்கே படிக்கவைப்பது என்பதில் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925-இல் ஓரிகன் மாநில வழக்கொன்றில் சொன்னது. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்ற ஆமிஷ் சமூகத்தாரின் மறுப்பை 1972-இல் ஏற்றது. ஆனால் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பது பல மாநிலங்களில் 1980-கள் வரை குற்றமாகவோ குற்றத்துக்கு அருகிலோ இருந்தது. பெற்றோர் நீதிமன்றப் படியேறினார்கள்; சிலர் சிறைக்கும் போனார்கள். அவர்களுக்காக வாதாட 1983-இல் வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாகிவிட்டது. அந்தப் போராட்டத்தின் மையக் கோரிக்கை எளிமையானது: எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று அரசு கணக்குக் கேட்கக் கூடாது.

டெக்சாஸில் அந்தக் கோரிக்கை கிட்டத்தட்ட முழுமையாக நிறைவேறியது. அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் வழங்கிய தீர்ப்பின்படி வீட்டுக்கல்வி என்பது ஒரு தனியார் பள்ளி. புத்தகமோ பயிற்சி ஏடோ கணினித் திரையோ, கண்ணால் பார்க்கக்கூடிய பாடத்திட்டம் ஒன்று இருக்க வேண்டும். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பதிவு கிடையாது, தேர்வு கிடையாது, ஆய்வாளர் வரமாட்டார். மிசௌரியில் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் கற்பிக்க வேண்டும். அதில் 600 மணி நேரம் முக்கியப் பாடங்களுக்கு. நியூயார்க்கில் ஆண்டுத் தொடக்கத்தில் கற்பித்தல் திட்டமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் தர வேண்டும். பென்சில்வேனியாவில் பிள்ளையின் வேலைகளைக் கோப்பாகத் தொகுத்து ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும்.

இப்போது ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு மார்ச் மாதக் காலையை நினைத்துப் பாருங்கள். பென்சில்வேனியா அணியின் பையனிடம் தடித்த கோப்பு இருக்கும். டெக்சாஸ் பையனிடம் அரசு கேட்டு உருவான தாள் ஒன்றுகூட இருக்காது. இருவரும் சட்டத்தை மதித்தே படித்தவர்கள். ஒரே பந்துக்காக எம்பிக் குதிக்கப்போகிறவர்கள். எதிரணிக் கோச் எழுந்து, ‘அந்த ஆறரை அடிப் பையன் உண்மையிலேயே வீட்டில்தான் படிக்கிறானா?’ என்று கேட்டால் எதைக் காட்டுவது?

அதனால் அரசுக்குக் காட்ட மறுத்த தாள்களை இந்தக் குடும்பங்கள் ஆட்டத்துக்காகத் தாங்களே எழுதத் தொடங்கின. பாதிக்கு மேற்பட்ட பாடங்கள் பெற்றோரின் பொறுப்பில் நடக்க வேண்டும். பிள்ளை முழுநேரப் பள்ளி எதிலும் சேர்ந்திருக்கக் கூடாது. பருவத் தொடக்கத்தில் பாடப் பட்டியல் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழின் நகல் வேண்டும். இப்படிப்பட்ட விதிகள் அணிக்கு அணி சொல்லில் மாறினாலும் சாரத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. எந்த மாநில அரசும் டெக்சாஸ் அம்மாவிடம் வாங்க முடியாத பாடப் பட்டியலை ஒரு கூடைப்பந்து லீக் வாங்கிவிடுகிறது. கோபமில்லாமல், சட்டமில்லாமல்.

‘பாதிக்கு மேல்’ என்ற அளவுகோலை வைத்து அளந்து பார்க்கும்போதுதான் அது எவ்வளவு வழுக்கும் என்று தெரிகிறது. 1990-களில் வீட்டுக்கல்வி என்றால் சமையலறை மேசை, ஒரு பெட்டிப் புத்தகம், அம்மா. இன்று நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கூட்டுறவு வகுப்பு நடத்துகின்றன. ஒரு வீட்டு அம்மா வேதியியல் எடுப்பார், இன்னொரு வீட்டு அப்பா அரசியல் சட்டம் எடுப்பார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் கூடும் கிறிஸ்தவப் பள்ளிகள் வந்துவிட்டன. மற்ற நாள்களில் பிள்ளை வீட்டில். பதினாறு வயதில் சமூகக் கல்லூரியில் இரண்டு பாடம் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம்விடக் குழப்பமானது அரசுப் பணத்தில் நடக்கும் இணையப் பள்ளி. பையன் நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறான். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவன் அரசுப் பள்ளி மாணவன். அவனை வீட்டுக்கல்விப் பிள்ளை என்று ஏற்பதா? பழைய தலைமுறைத் தலைவர்கள் கூடாது என்பார்கள். வீட்டில் இருப்பது வீட்டுக்கல்வி ஆகாது, அதிகாரம் யார் கையில் என்பதே கேள்வி என்பது அவர்கள் வாதம். கொள்கையளவில் அது சரி. ஆனால் அந்தப் பையன் நேற்றுவரை இதே அணியில் ஆடியவனாகவும், பாடச் செலவு கட்டுபடியாகாமல் இணையப் பள்ளிக்கு மாறியவனாகவும் இருந்தால், கொள்கை கொஞ்சம் கடுமையாகத்தான் ஒலிக்கும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கலாம். பொதுப்பள்ளி அணிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகள்தான் ஆட முடியும். வீட்டுக்கல்வி அணிக்கு எல்லை இல்லை. ஹூஸ்டன் அணி ஹூஸ்டன் பெருநகர் முழுவதிலும் ஆள் தேடலாம். அதோடு எந்த வகுப்பில் பிள்ளை இருக்கிறான் என்று முடிவு செய்வதும் அம்மாதான். உயரமான பையனை ஒன்பதாம் வகுப்பில் இன்னோர் ஆண்டு நிறுத்திவைத்தால் அவனுக்கு ஆட்டத்தில் ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். பொதுப்பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் இந்தத் தந்திரம் நடக்காமல் இல்லை. அங்கே பதிவேடு என்று ஒன்று இருப்பதால் கண்டுபிடிக்க வழி உண்டு. ஆகவே வீட்டுக்கல்விப் போட்டிகள் வகுப்பைவிட வயதையே நம்புகின்றன. பருவம் தொடங்கும் ஆண்டின் குறிப்பிட்ட தேதியில், பல இடங்களில் செப்டம்பர் 1, பத்தொன்பது வயது நிரம்பியிருக்கக் கூடாது. டெக்சாஸ் பொதுப்பள்ளிகளின் விதியும் இதேதான். மூன்று கேள்விகளில் நாணயமான பதில் உள்ள கேள்வி இது ஒன்றுதான். பிறந்த தேதி பேரத்துக்கு இடம் கொடுக்காது.

அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டிலேயே பிறந்து, வீட்டிலேயே படித்து, பிறப்புச் சான்றிதழே எடுக்கப்படாமல் வளர்ந்த சில பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் அவலம் வெளியே தெரிந்த பிறகு, வளர்ந்த பிள்ளை கேட்கும்போது பிறப்பை உறுதிசெய்ய மறுக்கும் பெற்றோரைத் தண்டிக்க 2015-இல் டெக்சாஸ் சட்டமே கொண்டுவந்தது.

இனி நடுக் கேள்வி. சமூகவியலாளர் மிட்செல் ஸ்டீவன்ஸ் 2001-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், அமெரிக்க வீட்டுக்கல்வி இயக்கத்தை இரு முகாம்களாகப் பார்த்தார். ஒன்று விசுவாசிகளின் முகாம். மற்றொன்று எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் முகாம். இரண்டாவதன் வேர் ஜான் ஹோல்ட் போன்ற பள்ளி விமர்சகர்களிடம் இருந்தது. முதலாவது எண்ணிக்கையிலும் அமைப்புப் பலத்திலும் பெரிது. இரண்டுக்கும் இடையில் வேலியாக நின்றது விசுவாச அறிக்கை. சங்கத்தில் பொறுப்பு வேண்டுமா, கையெழுத்திடு. விளையாட்டு அணிகளுக்கும் அந்தப் பழக்கம் அப்படியே வந்து சேர்ந்தது.

இந்த அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே ஒரு பக்கம்தான். வேதாகமம் தேவனால் அருளப்பட்டது, மூலப் பிரதிகளில் பிழையற்றது. தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று திரியேகராக இருக்கிறார். கிறிஸ்து கன்னியிடம் பிறந்தார், சிலுவையில் மரித்தார், உடலோடு உயிர்த்தெழுந்தார். இரட்சிப்பு கிருபையினால், விசுவாசத்தின் மூலம் மட்டும். மேலோட்டமாகப் படித்தால் எந்தக் கிறிஸ்தவரும் தலையாட்டுவார் என்று தோன்றும். நின்று படித்தால் ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவைச் சாத்துவது தெரியும். ‘திரியேகர்’ என்ற சொல்லில் மார்மன் குடும்பமும் யெகோவாவின் சாட்சிகளும் வெளியே நின்றுவிடுவார்கள். ‘மட்டும்’ என்ற சொல்லில் கத்தோலிக்கக் குடும்பம் நின்றுவிடும். மார்ட்டின் லூத்தர் காலத்தில் ஐரோப்பாவையே பிளந்த அந்தச் சொல், டெக்சாஸில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பாயிண்ட் கார்டாக ஆடலாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

எல்லா அணிகளும் அப்படி இல்லை. யார் கையெழுத்திட வேண்டும் என்பதில்தான் முக்கியமான வேறுபாடு இருக்கிறது. ஆடும் பிள்ளையும் பெற்றோரும் நம்பிக்கையை அறிக்கையிட வேண்டும் என்பது ஒரு வகை. நிர்வாகிகளும் கோச்களும் மட்டும் கையெழுத்திட்டால் போதும், குடும்பங்கள் அணி கிறிஸ்தவ நெறியில் நடக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு நடத்தை விதிகளுக்கு உட்பட்டால் போதும் என்பது இன்னொரு வகை. ஆட்டத்துக்கு முன் ஜெபம் நடக்கும், பயிற்சிக்கிடையே பத்து நிமிடம் வேதபாடம் இருக்கும், நடுவரிடம் வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது. யூதப் பையனோ மதநம்பிக்கை இல்லாத வீட்டுப் பெண்ணோ இதற்கு ஒப்புக்கொண்டால் ஆடலாம்.

இந்த இரண்டாம் வகை புதிய தாராளம் ஒன்றும் இல்லை. விளையாட்டையும் சபையையும் ஒன்றாகக் கட்டிய ஒய்.எம்.சி.ஏ. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. 1869-இல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் கூடிய அதன் மாநாடு, சுவிசேஷ சபைகளைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே வாக்குரிமையும் பதவியும் என்று முடிவெடுத்தது. மற்றவர்கள் இணை உறுப்பினர்களாக வரலாம், நூலகத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பயன்படுத்தலாம். சாவி விசுவாசிகளிடம், கதவு எல்லோருக்கும். அந்த ஏற்பாடு இருந்த காலத்தில்தான் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளை மாடக் கைப்பிடியில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டி, பதினெட்டு மாணவர்களை ஆடவிட்டார். கூடைப்பந்து பிறந்தது. வீட்டுக்கல்வித் தேசியப் போட்டி வந்து சேர்ந்த ஊரின் பெயரும் ஸ்பிரிங்ஃபீல்டு என்பது வெறும் தற்செயல். ஆனால் நினைவில் ஒட்டிக்கொள்ளும் தற்செயல். அதே ஒய்.எம்.சி.ஏ. மரபில்தான் ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கும் அந்த வளாகத்திலிருந்து எத்தனையோ தலைமுறை இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பி.டி. மாஸ்டர்களாக நம் பள்ளிகளுக்கு வந்தார்கள்.

கத்தோலிக்கர்களும் பின்தங்கவில்லை. சிகாகோவில் பிஷப் பெர்னார்ட் ஷீல் 1930-இல் தொடங்கிய கத்தோலிக்க இளைஞர் அமைப்பு, குத்துச்சண்டைக்கும் கூடைப்பந்துக்கும் பேர்போனது. அதன் குத்துச்சண்டை மேடையில் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் கறுப்பினப் பையன்களுக்கும் இடம் இருந்தது. அந்தக் கால அமெரிக்காவில் அது சாதாரணக் காரியம் இல்லை.

விசுவாசத்தைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையை அணியில் சேர்க்க மறுப்பது சட்டப்படி செல்லுமா? அமெரிக்க அரசியல் சட்டத்தின் மதச்சுதந்திரப் பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் சங்கத்தை அல்ல. எனவே பெற்றோர் நடத்தும் தனியார் அணிக்குப் பரந்த சுதந்திரம் உண்டு. ஆனால் அதற்கும் கரை இருக்கிறது. ஜேசீஸ் என்ற இளைஞர் அமைப்பு பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்க்க மறுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. பெண்கள் வருவதால் அந்த அமைப்பு சொல்லவரும் கருத்துக்கு என்ன கேடு என்று கேட்டது. பாய் ஸ்கவுட்ஸ் எனப்படும் சாரணர் அமைப்பின் வழக்கில் 2000-இல் 5-4 என்ற கணக்கில் எதிர்த்திசையில் தீர்ப்பு வந்தது: தான் நம்பும் கருத்தை வெளிப்படுத்துவதற்காகக் கூடிய சங்கம், அந்தக் கருத்தைக் குலைக்கும் ஒருவரைப் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்தால் ஒரு சங்கடமான உண்மை புலப்படும். விசுவாச அறிக்கையை உயிராக நினைத்து ஒரே சீராகக் கடைப்பிடிக்கும் அணிக்குச் சட்டத்தின் நிழல் அடர்த்தியாக இருக்கும். ‘நாங்கள் கூடுவதே விசுவாசத்தைப் பிள்ளைகளிடம் ஊட்டத்தான், பந்து அதற்கு ஒரு சாக்கு’ என்று அது நேர்மையாகச் சொல்லலாம். ஆனால் ஐந்தரை அடிக் கத்தோலிக்கப் பையனுக்கு ‘மட்டும்’ என்ற சொல்லைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டு, ஆறடி எட்டங்குலக் கத்தோலிக்கப் பையனுக்கு அதே சொல்லைக் கண்டும் காணாமல் விடும் அணிக்கு அந்த நிழல் கிடைக்குமா? நீதிமன்றத்துக்கு முன்பே பிள்ளைகள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பதினைந்து வயதுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

இதற்கிடையே வெளியிலிருந்து ஒரு காற்று அடித்தது. டிம் டீபோ. அமெரிக்கக் கால்பந்து வீரர், பாப்டிஸ்ட் மிஷனரிகளின் மகன், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி, மணிலாவில் பிறந்தவர். எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலேயே படித்தார்கள். வீட்டுக்கல்விப் பிள்ளைகள் அந்தந்தப் பகுதிப் பொதுப்பள்ளி அணிகளில் ஆடலாம் என்று ஃபுளோரிடா 1996-இலேயே சட்டம் போட்டிருந்தது. டீபோ முதலில் ஜாக்சன்வில்லின் ஒரு கிறிஸ்தவப் பள்ளி அணியில்தான் ஆடினார். அங்கே பந்தை எறிவதைவிடத் தூக்கிக்கொண்டு ஓடுவதே பாணி. அவருக்கோ பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக வேண்டும் என்ற வெறி. எறியும் பாணிக்குப் பேர்போன நீஸ் உயர்நிலைப் பள்ளி பக்கத்து மாவட்டத்தில் இருந்தது. அம்மாவும் மகனும் வீட்டைவிட்டுக் கிளம்பி அந்த மாவட்டத்தில் ஓர் அடுக்ககத்தில் குடியேறினார்கள். முகவரி மாறியது, தகுதி வந்தது. நீஸ் 2005-இல் மாநிலப் பட்டம் வென்றது. 2007-இல் டீபோ கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மனை வாங்கினார், அதை வாங்கிய முதல் இரண்டாமாண்டு மாணவராக.

அதன் பிறகு பல மாநிலங்களில் இதே போன்ற மசோதாக்கள் வந்தன. பேரே டிம் டீபோ மசோதா என்றாகிவிட்டது. வர்ஜீனியாவில் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பியதை ஆளுநர் டெரி மெக்காலிஃப் 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தடுத்தார். பொதுப்பள்ளி மாணவன் குறிப்பிட்ட பாடங்களில் தேறினால்தான் களத்தில் இறங்கலாம். வீட்டில் படிப்பவனை அதே கோலால் அளக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மறுபடியும் அம்மாவின் கையெழுத்துப் பிரச்சினைதான். டெக்சாஸ் 2021-இல் முடிவைப் பள்ளி மாவட்டங்களின் விருப்பத்துக்கு விட்டது. ஜார்ஜியா அதே ஆண்டில் கதவைத் திறந்தது. ஆனால் அந்தப் பள்ளி மூலம் ஒரு பாடமாவது படிக்க வேண்டும் என்றது. நீதிமன்றங்களோ, பள்ளி விளையாட்டில் ஆடுவது சலுகை, அரசியல் சட்ட உரிமை இல்லை என்றே பெரும்பாலும் சொல்லிவந்தன. மிச்சிகனில் 2004-இல் அப்படி ஒரு தீர்ப்பு, மேற்கு வர்ஜீனியாவில் 2005-இல் இன்னொன்று.

வீட்டுக்கல்விக் குடும்பங்கள் எல்லாம் இந்தச் சட்டங்களைக் கொண்டாடின என்று நினைத்தால் தவறு. பொதுப்பள்ளி மைதானத்தில் கால் வைத்தால் நாளைக்கு மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள், மறுநாள் தேர்வு வைப்பார்கள், முப்பதாண்டுப் போராட்டத்தை ஒரு ஜெர்சிக்காக விற்றதாகிவிடும் என்று எதிர்த்தவர்களும் உண்டு. தங்கள் அணிகள் காலியாகிவிடும் என்ற பயமும் கூடவே இருந்தது. அந்தப் பயம் நியாயமானது. திறமையான பையனுக்குப் பெரிய மைதானமும் சம்பளம் வாங்கும் கோச்சும் இலவசமாகக் கிடைத்தால், சபைக் கட்டடத்தின் கூடத்தில் ஆடும் அணியில் அவன் ஏன் இருப்பான்?

இருந்தவர்களும் உண்டு. ஹூஸ்டனின் வீட்டுக்கல்விக் கிறிஸ்தவ இளைஞர் சங்க அணியில் ஆடிய ஜஸ்டின் ஜாக்சன் 2014-இல் மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் ஆட்டத்துக்குத் தேர்வானார். வடகரோலினா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2017-இல் தேசியப் பட்டம் வென்றார். அதே ஆண்டு தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் வீரர் தேர்வில் பதினைந்தாவதாக எடுக்கப்பட்டார். பிளேக் கிரிஃபின் எட்டாம் வகுப்பு வரை ஓக்லஹோமாவில் அம்மாவிடம் படித்தவர். பிறகுதான் கிறிஸ்தவப் பள்ளியொன்றில் சேர்ந்தார், அங்கே அப்பாவே கோச். இப்படிப்பட்ட பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்த அணிகள் என்.பி.ஏ.வுக்கான ஏணி இல்லை; வாரத்தில் மூன்று மாலை, தங்கள் வயதுப் பிள்ளைகளோடு வியர்க்கக் கிடைக்கும் இடம். தகுதி விதி கடுமையாகும்போது இழப்பு இவர்களுக்குத்தான்.

வீட்டுக்கல்வியின் முகமும் மாறிவிட்டது. கல்வித் துறையின் புள்ளிவிவரப்படி 1999-இல் வீட்டில் படித்தவர்கள் சுமார் 8.5 லட்சம், 2012-இல் ஏறத்தாழ 18 லட்சம். கொரோனா ஆண்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை எடுத்த ஆய்வில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் வீட்டுக்கல்வி 5.4 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதமாக ஏறியது. கறுப்பினக் குடும்பங்களில் 3.3-இலிருந்து 16.1-க்குப் பாய்ந்தது. 2007-இல் மதம் அல்லது அறநெறிக் கல்வியே முதன்மைக் காரணம் என்றவர்கள் 36 சதவீதம். 2016-இல் மதக் கல்வியை முதன்மைக் காரணமாகச் சொன்னவர்கள் 16 சதவீதம். பள்ளிச் சூழல் மீதான கவலை முந்திக்கொண்டது. கேள்வி அமைப்பு சற்று மாறியிருந்ததால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்றாலும், திசை தெளிவு. கொடுமைப்படுத்தலுக்குப் பயந்து பள்ளியை விட்ட பிள்ளை, கற்றல் குறைபாடுள்ள பிள்ளை, ராணுவத் தந்தையோடு ஊர் ஊராக மாறும் பிள்ளை எல்லோரும் இன்று இந்த அணிகளின் கதவைத் தட்டுகிறார்கள்.

அவர்களுக்கு என்ன பதில்? விசுவாசத்தை விட்டுக்கொடுங்கள் என்று இந்த அணிகளிடம் கேட்பது நியாயமில்லை. அந்த விசுவாசம் இல்லாவிட்டால் சபைக் கூடமும் கிடைத்திருக்காது, வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் பயிற்சி தரும் அப்பாக்களும் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் இறையியல் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதில் விசுவாசமும் வளராது, ஆட்டமும் வளராது. பெற்றோரின் கட்டாயத்தில் போடும் கையெழுத்து அறிக்கையாகாது என்பதை, தனிமனிதனின் சொந்தத் தீர்மானத்தை வலியுறுத்தும் பாப்டிஸ்ட் மரபே ஏற்கும். 1869-இன் போர்ட்லண்ட் ஏற்பாட்டுக்கு எத்தனையோ குறைகள் உண்டு. இந்த ஒன்றில் அது சரி. விசுவாச அறிக்கையைக் கோச்சிடமும் நிர்வாகியிடமும் வாங்குங்கள். பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழையும், அம்மா கையெழுத்திட்ட பாடப் பட்டியலையும் மட்டும் வாங்குங்கள்.